பன்னிரண்டாம் நம்பர் பார்வையிடம்

ஹட்டன் கடைத்தெருவில் பலகை எழுதிப் பிழைக்கிறவன் நான். பெயர் அந்தோனிமுத்து. மாநாடு என்றால் மேடைக்குப் பின்னால் ஒரு துணி தொங்குமே, அதை எழுதுகிறவனும் நான்தான். இதுவரை இருபத்தேழு மாநாடுகளுக்குத் துணி எழுதியாயிற்று. இருபத்தேழிலும் "மாபெரும்" என்ற சொல்லைப் பெரிதாக எழுதச் சொன்னார்கள். அதை எழுதி முடித்தபிறகு என்ன மாநாடு என்று எழுதத் துணியில் இடம் இருக்காது. அதைப் பற்றி யாரும் குறைப்பட்டதும் கிடையாது.

அறுபத்திரண்டாம் ஆண்டு ஏப்ரலில் மண்டலத் தோட்ட நல மன்றத்தின் ஒன்பதாவது மாநாடு நுவரெலியாவில் கூடியது. ஏப்ரலில்தான் அங்கே பூக்கண்காட்சி, குதிரைப் பந்தயம் எல்லாம். மாநாடும் அதே வாரத்தில் வந்தது தற்செயல் என்று மன்றத்தார் சொன்னார்கள். முந்திய எட்டு மாநாடுகளும் அதே வாரத்தில் தற்செயலாகத்தான் வந்தன.

மாநாட்டுக்கு ஒரு கைநூல் அச்சிட்டார்கள். மொத்தம் இருபத்து நான்கு பக்கம். அட்டையும் தலைவர் படமும் போக, இருபத்தொரு பக்கம் "பிரதிநிதிகள் கண்டு களிக்க வேண்டிய பன்னிரண்டு இடங்கள்." கடைசிப் பக்கத்தின் அடியில் நிகழ்ச்சி நிரல். வரவேற்பு, தேநீர், தலைமையுரை, தேநீர், நன்றியுரை என்று போய், ஏழாவதாக ஒரு வரி: "தொழிலாளர் குறைகள் (நேரம் இருந்தால்)."

எட்டாவது மாநாட்டில் ஒரு தொழிலாளிகூட இல்லை என்று யாரோ பத்திரிகைக்குக் கடிதம் எழுதிவிட்டான். ஆகவே ஒன்பதாவது மாநாட்டுக்கு "அசல் தொழிலாளி ஒருவர்" வரவழைக்கப்பட்டார். அந்த ஒருவர்தான் வீரம்மா. பொகவந்தலாவைப் பக்கம் மூணுகல் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள். அவளைத் தெரிந்தெடுத்தவர் தோட்டத்துப் பெரிய கிளாக்கர். வாராவாரம் ஆபீஸ் வாசலில் வந்து நின்று "தகரம் எப்பங்க வரும்?" என்று கேட்கிறவள் மூன்று நாள் ஊரில் இல்லாவிட்டால் நிம்மதியாக இருக்கலாம் என்பது அவர் கணக்கு.

தகரத்துக்கு அவள் மனுக் கொடுக்கத் தொடங்கி ஒன்பது வருஷம். தொழிலாளர் வரிசை வீடுகளில், மூன்றாம் லயத்தில் ஆறாவது காம்பரா அவளுடையது. அந்த ஒற்றை அறையின் கூரையில் மூன்று இடத்தில் தகரம் துருப்பிடித்து ஓட்டை. இத்தனை நாள் சட்டியும் வாளியும் வைத்துச் சமாளித்தாள். இப்போது மகள் பூரணி எட்டு மாதக் கர்ப்பத்தோடு பிரசவத்துக்கு வந்திருந்தாள். அறையில் எங்கே தொட்டில் கட்டினாலும் மூன்று ஒழுகலில் ஒன்று பிள்ளையின் மேல் விழும். புருஷன் மாயாண்டி கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு அறை முழுதும் அளந்து பார்த்துவிட்டான். இடமே இல்லை. இன்னும் ஒரு மாதத்தில் பெரிய மழை வேறு பிடித்துவிடும்.

"மாநாட்டுல என்னமும் பேசு, இல்லாட்டிப் பேசாம இரு. ஆனா தகரம் இல்லாம வந்துறாத" என்று சொல்லி மாயாண்டி அவளை ரயில் ஏற்றிவிட்டான்.

நானுஓயாவில் இறங்கி, வேனில் நுவரெலியா போய்ச் சேர்ந்தவள், மறுநாள் காலை ஆறரைக்கே மண்டப வாசலில் தனியாக நின்றாள். தலையில் கம்பிளி, கை கட்டியபடி. துணி கட்டப் போன நான்தான் முதலில் பார்த்தேன். தோட்டத்தில் விடிந்ததும் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவார்கள், பெரட்டு என்று பெயர். மாநாட்டுக்கும் பெரட்டு உண்டு என்று நினைத்துவிட்டாள்.

பத்து மணிக்கு மன்றச் செயலாளர் அமிர்தநாதன் வந்தார். கழுத்துப்பட்டி கட்டிய மெலிந்த மனிதர். மேசைக்கு வந்த காகிதத்தையெல்லாம் இன்னொரு காகிதத்தோடு ஊசி குத்திச் சேர்ப்பதில் கெட்டிக்காரர்.

"ஐயா, பெரட்டு முடிஞ்சிருச்சுங்களா? எனக்குப் பேர் விழுமா?" என்று வீரம்மா பதறிக்கொண்டு கேட்டாள்.

"இது வேலை இல்லை அம்மா. மாநாடு."

"வேல இல்லாமயா இத்தன பேரு வந்திருக்காங்க?"

செயலாளர் ஓர் அட்டையை நீட்டினார். பார்வைச் சீட்டு. அதில் பன்னிரண்டு கட்டம். ஒவ்வோர் இடத்தையும் பார்த்தபின் ஒரு கட்டத்தில் முத்திரை விழும். மன்றத்தின் பதினான்காம் விதிப்படி, பன்னிரண்டு முத்திரையும் உள்ளவர் முழுப் பிரதிநிதி, சபையில் பேசலாம். ஒன்று குறைந்தாலும் வெறும் பார்வையாளர், கைதட்டலாம்.

"மலைநாட்டை முழுதும் பார்க்காமல் மலைநாட்டைப் பற்றிப் பேசுவது தவறல்லவா?" என்றார் செயலாளர்.

மற்றப் பிரதிநிதிகளுக்கு இந்த விதியை இரண்டு தரம் விளக்க வேண்டியிருந்தது. வீரம்மாவுக்கு ஒரு தரமே போதும். தோட்டத்தில் சொன்ன றாத்தல் எடைக்குக் கொழுந்து பறித்தால்தான் முழுப் பேர், முழு நாள் கூலி. கொஞ்சம் குறைந்தாலும் அரைப் பேர்தான் போடுவார்கள், கூலி பாதியாகிவிடும். "வெளங்குதுங்க. பன்னெண்டும் முடிக்காட்டி அரைப் பேரு" என்று சொல்லி, சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு முதல் ஆளாக வேனில் ஏறினாள். போகிற இடமெல்லாம் படத்துக்குத் துணி பிடிக்க வேண்டும் என்று என்னையும் ஏற்றினார்கள்.

முதல் இடம் ஏரி. மன்றத் தலைவர் திரு. கந்தப்பன் கொழும்பிலிருந்து காரில் வந்திருந்தார். மலைநாட்டைப் பற்றி மூன்று மணி நேரம் பேசக் கூடியவர், ஆனால் மலை ஏறினால் அவருக்குத் தலை சுற்றும். ஏரிக்கரை சமதளம் என்பதால் அங்கே தாராளமாகப் பேசினார்.

"அன்பர்களே, இந்த ஏரியைப் பாருங்கள். எத்தனை காலமாக இங்கே கிடக்கிறது! ஒருநாளாவது மனுக் கொடுத்ததா? ஆபீஸ் வாசலில் வந்து நின்றதா? அமைதியாகக் கிடக்கிறது. அதனால்தான் நாம் இதைப் பார்க்க வருகிறோம். தொழிலாளரும் இவ்வாறு இருந்தால் அவர்களையும் பார்க்க வருவோம்."

எல்லோரும் கைதட்டினார்கள். வீரம்மா முத்திரை வாங்கினாள்.

மூன்றாவது இடம் பந்தயக் குதிரைகளின் கொட்டில். பிரதிநிதிகள் குதிரையைப் பார்த்தார்கள். வீரம்மா அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். புதுத் தகரம், மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தும் உள்ளே ஒரு சொட்டுக்கூட இல்லை.

"இந்தத் தகரம் யாரு குடுத்ததுங்க?"

"குதிரைகள் வெளிநாட்டிலிருந்து வந்தவை அம்மா. நனைந்தால் சளி பிடிக்கும்" என்றார் செயலாளர்.

"எங்க தாத்தாவும் கப்பல்லதாங்க வந்தாரு" என்றாள் வீரம்மா. செயலாளர் அவசரமாக முத்திரை குத்தினார்.

ஐந்தாவது இடத்தில்தான் வினை வந்தது. கொழும்புப் பிரதிநிதிகளின் வசதிக்காக, தேயிலைச் செடி ஒன்றை விடுதிக்குப் பக்கத்திலேயே நட்டு, சுற்றிலும் கம்பி வேலி போட்டு, "தேயிலை" என்று பலகை வைத்திருந்தார்கள். பலகை நான் எழுதியது. செயலாளர் அதன் முன்னால் நின்று, "இதிலிருந்துதான் நாம் காலையில் அருந்தும் பானம் கிடைக்கிறது. முற்றிய இலைகளை மரத்தடியில் பொறுக்குவார்கள்" என்று விளக்கினார். பாவம், அவர் கைநூலை அப்படியே படித்தார்.

வீரம்மாவுக்கு அவர் சொன்னது எதுவும் காதில் விழவில்லை. செடியில் கொழுந்து நிறைந்து கிடந்தது, பறித்து ஒரு மாதம் இருக்கும். முப்பது வருஷப் பழக்கம், கை தானாகவே வேலிக்குள் போய்விட்டது. செயலாளர் பானத்தின் மணத்தைப் பற்றிப் பேசி முடிப்பதற்குள் செடியை மொட்டையாக்கிவிட்டு, மடி நிறையக் கொழுந்தோடு நிமிர்ந்து, "எங்கேங்க நிறுக்கிறது?" என்று கேட்டாள்.

சபையே அசந்து போயிற்று. தலைவர் மட்டும் பரவசப்பட்டுவிட்டார். "இன்னொரு தடவை செய்து காட்டச் சொல்லுங்கள்!" செடியில் இனி இலை இல்லை என்றார்கள். "பரவாயில்லை, இலை இருப்பதுபோல் செய்யட்டும்." வீரம்மா வெறுங்காற்றில் கொழுந்து பறித்தாள். பதினேழு பேர் படம் எடுத்தார்கள். நான் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது, கையும் வலித்தது.

மற்றப் பிரதிநிதிகள் அதற்குமேல் களைத்துவிட்டார்கள். மிச்ச இடங்களுக்குச் சீட்டுகளை வேன் டிரைவர் செபமாலையிடம் கொடுத்தனுப்பினார்கள். செபமாலை நாற்பது சீட்டுக்கும் முத்திரை வாங்கினார். விதிப்படி பார்த்தால் அந்த மாநாட்டில் நாற்பது பேருக்குச் சேர்த்துப் பேசும் தகுதி அவருக்குத்தான் இருந்தது. வேனில் வேறு யாரும் இல்லாமல், செபமாலையோடும் என்னோடும் சேர்ந்து எல்லா இடத்தையும் ஒழுங்காகப் பார்த்தது வீரம்மா மட்டும். இரண்டு நாளில் பதினொரு முத்திரை.

இடையில் சபையும் ஒரு தடவை கூடியது. அடுத்த வருஷம் பன்னிரண்டு இடத்தைப் பதின்மூன்றாக்கலாமா என்று அரை மணி நேரம் விவாதித்து, தேநீருக்குக் கலைந்தார்கள்.

பன்னிரண்டாவது கட்டத்தில் "மாதிரி லயம்" என்று அச்சாகியிருந்தது. மூன்றாம் நாள் காலை அங்கே போனால் கதவில் பூட்டு. காவல்காரர், "பெயின்ட் காயலீங்க. போன வருஷமும் காயல. ஆளுக குடியிருந்தா, மாதிரி லயம் கெட்டுப் போகும்னு ஒருத்தரையும் விடுறதில்ல" என்றார்.

வீரம்மாவின் முகம் செத்துப் போயிற்று. பதினொன்று இருந்து என்ன? அரைப் பேர். பேச முடியாது. பேச முடியாவிட்டால் தகரம் இல்லை. அந்த மூன்று நாளில் அவள் கண் கலங்கி நான் பார்த்தது அப்போதுதான். ஆனால் அழவில்லை, மூக்கை உறிஞ்சிவிட்டுச் செயலாளரிடம் போனாள்.

"ஐயா, லயந்தானே பாக்கணும்? எங்க லயத்துக்கு வாங்க. பூட்டு கெடையாது. பெயின்டும் கெடையாது."

செயலாளர் தலைவரைப் பார்த்தார். கொழும்புக்குத் திரும்பும் பாதைதான், ஹட்டனிலிருந்து கொஞ்சம் விலக வேண்டும். தலவாக்கலை வழியில் இரண்டு நீர்வீழ்ச்சியும் உண்டு என்று செபமாலை சொன்னார். நீர்வீழ்ச்சி என்றதும் தலைவர் சம்மதித்தார்.

பொகவந்தலாவை ரோட்டின் வளைவுகளில் நான்கு பிரதிநிதிகள் மதிய உணவைத் திருப்பிக் கொடுத்தார்கள். மூணுகல் போய்ச் சேர்ந்தபோது மாலை மழை பிடித்துக்கொண்டது. பதினைந்து பேர் வீரம்மாவின் அறைக்குள் நெருக்கியடித்துப் புகுந்தார்கள். மிச்சப் பேர் வாசலில். பூரணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூலையில் ஒதுங்கினாள். இருந்த ஒரே பலகாக்கட்டையில் தலைவரை உட்கார வைத்தார்கள். முதல் ஒழுகல் நேராக அவர் உச்சந்தலையில் விழுந்தது.

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். ஒன்பது வருஷ மனு செய்யாததை ஒரு சொட்டுச் செய்துவிடும் என்று நினைத்தேன். வீரம்மாவும் அப்படித்தான் நினைத்திருப்பாள்.

தலைவர் மேலே பார்த்தார். பிறகு கையை நீட்டினார். செயலாளர் ஒரு குடையைக் கொடுத்தார். தலைவர் அதை அறைக்குள்ளேயே விரித்துக்கொண்டார். அவர் விரித்ததைப் பார்த்து மற்றப் பதினான்கு பேரும் விரித்தார்கள். குடைக் கம்பி ஒன்று என் காதில் குத்தியது.

"பன்னிரண்டாவது முத்திரை!" என்று செயலாளர் குடைக்குள்ளிருந்து அறிவித்தார். "முழுப் பிரதிநிதி வீரம்மா பேசலாம்."

வீரம்மா கும்பிட்டாள். "ஐயா, மூணு எடத்துல ஒழுகுது, நீங்களே பாக்குறீங்க. எம் மக மாசமா இருக்கா. பொறக்குற புள்ளயப் போட எடமில்ல. மூணு தகரம் வேணும். அவ்வளவுதாங்க."

இருபத்தேழு மாநாட்டில் நான் கேட்ட பேச்சுகளில் அதுதான் சிறியது, நல்லது. தலைவர் பதிலுரை வழங்கினார்.

"அன்பர்களே, மூன்று நாளாக எத்தனையோ கண்டோம். ஏரி வெட்டியது, பூங்கா நட்டது. இந்த ஒழுகல் ஒன்றுதான் எவர் உதவியும் இல்லாமல் தானாக உருவாகியிருக்கிறது! இதற்கு ஒன்பது வருஷம் பிடித்திருக்கிறது. இதை ஒரே நாளில் அடைத்துவிட நமக்கு என்ன உரிமை? தகரம் தோட்டக் கம்பனியின் விஷயம். கம்பனி லண்டனில் இருக்கிறது. நம் மன்றத்தால் முடிந்ததை நாம் செய்வோம். இவ்விடத்தை நிரந்தரப் பார்வையிடமாக அறிவித்து, ஒழுகும் இடத்தில் ஒரு பலகை வைக்கத் தீர்மானிக்கிறேன்."

பதினைந்து குடைகள் ஆடி ஆமோதித்தன.

"போர்டா?" என்று மாயாண்டி வாசலிலிருந்து கேட்டான். "புள்ளைக்குப் போர்டா போத்துறது?" வீரம்மா அவனைக் கையமர்த்தினாள். தரையில் பெருகும் தண்ணீரைப் பார்த்தாள்.

"ஐயா, போர்டு எதுல செய்வாங்க?"

"நல்ல கனமான தகரத்தில் அம்மா" என்றார் செயலாளர் பெருமையோடு. "ஆறடிக்கு மூன்றடி. எந்த மழைக்கும் அசையாது."

"ஒழுகுறது மூணு எடங்க. ஒத்தப் போர்டு வச்சா வர்றவங்க எந்த எடத்தப் பாக்குறதுன்னு தெரியாமத் தடுமாறிப் போவாங்களே."

தலைவர் துள்ளி எழுந்தார். குடை கூரையில் இடித்து இன்னும் கொஞ்சம் துரு உதிர்ந்தது. "கேட்டீர்களா! இதுவல்லவா அசல் தொழிலாளியின் குரல்! மூன்று பலகை!"

ஒன்பதாம் நாள் என் கடைக்கு மன்றத்தின் ஓடர் வந்துவிட்டது. ஒன்பது வருஷம் தகரம் கேட்டு வராதது, பலகை கேட்டதும் ஒன்பது நாளில் வந்தது. ஓடர் வந்த மறுநாள் வீரம்மாவும் வந்தாள்.

"அண்ணே, எழுத்து பொடிசா இருந்தாலும் பரவாயில்ல. தகரம் நல்ல மொத்தமா இருக்கட்டும். ஓரத்தக் கொஞ்சம் மடக்கி விட்ருங்க, தண்ணி வடியணும். ஆணிக்கு ஓட்டயும் போட்ருங்க."

"எழுத்து எந்தப் பக்கம் இருக்கணும்?" என்றேன்.

"உள் பக்கம். வெளிய இருந்தா மழையில அழிஞ்சு போகுமே, பாவம்."

செயலாளர் தந்த வாசகத்தை ஓர் எழுத்துக் குறையாமல் எழுதினேன். முதல் பலகை: "இவ்விடம் ஒழுகும். குடை விரிக்கவும்." இரண்டாவது: "ஒழுகலைக் கையால் தொடாதீர்." மூன்றாவது: "பார்வையாளர்கள் அமைதி காக்கவும்." ஒழுகும் இடத்தில் பலகை வைக்க வேண்டும் என்பது தீர்மானம். மாயாண்டி ஏணி போட்டு ஏறி, துருப்பிடித்த தகரத்தைக் கழற்றிவிட்டு, ஒழுகும் இடத்திலேயே பலகையை வைத்து ஆணி அடித்தான். பெரிய கிளாக்கர் சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். வீரம்மா தீர்மானத்தின் நகலைக் காட்டினாள். அதில் ஐந்து முத்திரை இருந்தது. தோட்டத்து ஆபீசில் மொத்தமே இரண்டு முத்திரைதான். கிளாக்கர் தொப்பியைக் கழற்றிவிட்டுப் போனார்.

மே மாதம் பூரணிக்குப் பெண் பிறந்தது. பெரிய மழையும் பிறந்தது. தொட்டிலில் ஒரு சொட்டு விழவில்லை.

பக்கத்துக் காம்பராவில் அழகம்மா சும்மா இருப்பாளா? பார்வையிடத்துக்கு வழி தெரியவில்லை என்று மன்றத்துக்கு ஒரு கடிதம் போட்டாள். "இடப்புறம் திரும்பவும்" பலகை வந்தது. அவள் அதைக் கூரைமேல் வைத்துக்கொண்டாள். அடுத்த காம்பராவுக்கு "குப்பை போடாதீர்." அதற்கடுத்ததற்கு, மாட்டு வண்டிகூட ஏற முடியாத இடத்தில், "இங்கே மோட்டார் வாகனம் நிறுத்தாதீர்." வருஷ முடிவுக்குள் நாற்பத்தொரு பலகை எழுதினேன். மூன்றாம் லயமும் நான்காம் லயமும் முழுதாக வேய்ந்தாயிற்று. "மூணுகல் தோட்டத்தில் பார்வையாளர் வசதிகள் மளமளவென்று பெருகிவருகின்றன" என்று மன்றத்தின் ஆண்டறிக்கை பாராட்டியது.

அடுத்த ஏப்ரலில், தற்செயலாக அதே வாரத்தில், பத்தாவது மாநாடு. பன்னிரண்டாம் நம்பர் பார்வையிடத்துக்குத் தலைவரும் செயலாளரும் பதின்மூன்று பிரதிநிதிகளும் வந்தார்கள். துணி பிடிக்க நானும் போனேன். வெளியே கொட்டுகிற மழை. எனக்கு ஒரே பயம். ஒழுகல் இல்லை என்று கண்டுபிடித்துப் பலகைகளைக் கழற்றச் சொல்லிவிட்டால்? தொட்டிலில் பூரணியின் மகள் கை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வீரம்மா தொட்டிலுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

அறைக்குள் எங்கும் ஈரம் இல்லை. அடுப்படிப் பூனைகூட நடு அறையில் படுத்திருந்தது. தலைவர் தரையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். உள்ளங்கையை நீட்டிப் பார்த்தார், ஒன்றும் விழவில்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு மெல்ல அண்ணாந்தார். பலகை கண்ணில் பட்டது. வாய்விட்டு ஒரு தரம் படித்தார்.

"இவ்விடம் ஒழுகும். குடை விரிக்கவும்."

அவர் முகம் தெளிந்தது. "அதானே பார்த்தேன்" என்று சொல்லிக் குடையை விரித்தார். காய்ந்த அறைக்குள் மற்றப் பதினான்கு குடைகளும் படபடவென்று விரிந்தன. செயலாளர் முத்திரையை எடுத்தார். போன வருஷத்தைவிட இந்த வருஷம் ஒழுகல் நல்ல முன்னேற்றம் கண்டிருக்கிறது என்று தலைவர் பேசத் தொடங்கினார்.

வீரம்மா ஒரு விரலை உதட்டில் வைத்து, இன்னொரு விரலால் தொட்டிலுக்கு மேலே இருந்த மூன்றாவது பலகையைக் காட்டினாள்.

தலைவர் அதையும் படித்தார். உடனே வாயை மூடிக்கொண்டார்.